வீட்டு ஒலிபெருக்கியும் தஞ்சை இசையும்: ஒரு விமர்சனப் பார்வை

வீட்டு ஒலிபெருக்கி என்பது பதிவு செய்யப்பட்ட அல்லது ஒலிபரப்பாகும் இசையை வீட்டுக்குள் இருந்தபடி கேட்பதற்கென்று உருவாக்கப்பட்ட கருவி. ஒரே பெட்டியாகத் தொடங்கி, இடம், வலம் என இரண்டாகி (ஸ்டீரியோ), பிறகு ஐந்து பெட்டிகளும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 சரவுண்ட் அமைப்பாக அது வளர்ந்தது. இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஒன்றைவிட இரண்டு மேல், இரண்டைவிட ஐந்து மேல் என்பது அவர்கள் கணக்கு. நாதஸ்வரமும் தவிலும் வீணையும் செழித்த தஞ்சை வட்டாரத்தில் இந்த அளவுகோல் பொருந்துகிறதா என்று பார்த்தால், பொருந்தவில்லை என்றே சொல்லவேண்டும். பெட்டிகளின் எண்ணிக்கை கூடக்கூட, இவ்வட்டாரத்தின் தலையாய வாத்தியமான நாதஸ்வரம் வீட்டுக்குள் மேலும் மோசமாகவே ஒலிக்கத் தொடங்கியது.

தோற்றமும் வளர்ச்சியும்

இன்றுள்ள ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலவடிவம் 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவர் வெளியிட்ட வடிவமைப்பு. காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. நூறாண்டு ஆகியும் இந்தத் தத்துவம் மாறவில்லை.

ஸ்டீரியோவுக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ஆலன் ப்ளம்லைன். அவர் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 1954-இல் எட்கர் வில்ச்சர் செய்த மாற்றம் வீட்டு ஒலிபெருக்கியின் உருவத்தையே மாற்றியது. அதுவரை தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. வில்ச்சர் சிறு பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தினார். பெட்டி புத்தக அலமாரியில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. பின்னர் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் பெட்டியின் கொள்ளளவுக்கும் கூம்பின் இயல்புக்கும் உள்ள உறவைக் கணக்காக வகுத்துத் தந்தனர். அதன் பிறகு ஒலிபெருக்கி செய்வது அனுமானத்தை விட்டுக் கணக்குக்கு வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கேட்போர் கற்பனை செய்யப்பட்டிருக்கிறார். அவர் மேடைக்கு எதிரே நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். மேடையில் இடமிருந்து வலமாக வாத்தியக்காரர்கள் பரவி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தால் அந்த மேடை கண்முன் தோன்றும். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கச்சேரி கேட்கும் தஞ்சாவூர்க்காரரை அந்த முக்கோணத்துக்குள் எங்கே உட்கார வைப்பது என்பதை எந்தப் பொறியாளரும் யோசித்திருக்க மாட்டார்.

கூடம் போய் ஹால் வந்தது

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. காவிரிப் படுகையின் வீடுகளுக்கு இசை மின்வழியே வந்த முதன்மையான பாதை அதுவே. கூடத்தில் வைத்த வால்வு ரேடியோவில் மரப்பெட்டியும் துணி போர்த்திய முகப்பும் உள்ளே ஒரே ஒரு கூம்பும் இருக்கும். மத்திய அலையில் உச்ச ஒலிகள் பெரிதும் வெட்டுப்பட்டே வரும். ஆனாலும் அந்த ரேடியோவில் கேட்ட சங்கீதத்தைப் பெரியவர்கள் இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூர்வதை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது. அதற்கு ஒலியியல் காரணம் உண்டு.

பழைய வீட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதற்கப்பால் இரண்டாம் கட்டு. கூடத்தில் எழும் ஒலி முற்றத்தின் வழியாக மேலே போய்விடும். நாட்டு ஓடும் மரச்சட்டமும் தூண்களும் மிச்சத்தைச் சிதறடிக்கும். ஒலி ஓரிடத்தில் தேங்குவதில்லை. பேச்சும் பாட்டும் வாழும் நடுப்பகுதி ஒலியை அகலமான ஒரே கூம்பிலிருந்து பெற்றுக் கூடம் முழுக்கப் பரப்ப இதைவிட நல்ல அமைப்பு கிடைப்பது அரிது.

இன்றைய கான்கிரீட் வீட்டின் ஹால் இதற்கு நேர் எதிர். 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம், பளபளக்கும் டைல்ஸ் தரை, பூசி மெழுகிய சுவர். இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி அலை தேங்கி நிற்கும். ஒலியின் வேகத்தை அறையின் அளவைப்போல் இரு மடங்கால் வகுத்தால் எந்த அதிர்வெண்ணில் தேங்கும் என்பது தெரிந்துவிடும். 12 அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒரே அளவாக இருப்பதால் 56-இல் இரட்டைத் தேக்கம். அந்த அறையில் சப்வூஃபரை மூலையில் கொண்டுபோய் வைத்தால் கேட்பது இசையாக இருக்காது. அறையின் உறுமலாகவே இருக்கும். வெறும் ஹாலில் ஒருமுறை கை தட்டிப் பார்த்தால் போதும். சடசடவென்று திரும்பி வரும் எதிரொலியே உச்ச ஒலியின் நிலைமையைச் சொல்லிவிடும்.

பானையும் பெட்டியும்

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த ஆண்டுகளில் நல்ல ஒலிபெருக்கி வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கொண்டுவந்த 'டூ இன் ஒன்' ஒரு பக்கம். உள்ளூர் ரேடியோ மெக்கானிக்குகள் கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபயர் மறுபக்கம். இவர்கள் விரும்பிப் பயன்படுத்திய 4440 என்ற ஐ.சி. இரண்டு பக்கத்துக்கும் தலா 6 வாட் தரக்கூடியது. 12 வோல்ட்டில் வேலை செய்வதால் மின்வெட்டிலும் பேட்டரியில் ஓடும். கார் ஸ்பீக்கர் இரண்டை வாங்கி மண்பானையின் வாயில் கவிழ்த்துப் பொருத்திவிட்டால் ஸ்டீரியோ தயார்.

இந்தப் பானை ஸ்பீக்கரை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது தவறு. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஹாரி ஓல்சன் பன்னிரண்டு விதமான பெட்டி வடிவங்களை ஒப்பிட்டுச் சோதித்தபோது, ஒலி மிகச் சீராக வந்தது கோள வடிவில்தான். விளிம்புகளில் பட்டு ஒலி சிதறுவது கோளத்தில் மிகக் குறைவு. பானையின் வாயைச் சந்து விடாமல் அடைத்துவிட்டால் வில்ச்சர் சொன்ன காற்றுவில்லும் கிடைத்துவிடுகிறது. பானையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பானையே நல்ல பானை என்று சந்தையில் பொறுக்கி எடுக்கிறோம். ஒலிபெருக்கிக்கு அதுதான் ஆகாத பானை. உள்ளே பஞ்சை அடைத்து அந்தக் கணீரை அடக்கினால்தான் பாட்டு தன் குரலில் வரும்.

பலா மரத்தில் பெட்டி செய்தால் நாதம் கூடும் என்ற எண்ணமும் இதே வகை. வாத்தியம் செய்யும் ஊருக்கு அது இயல்பான எண்ணம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் ஆவது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் குடம் தானும் சேர்ந்து பாட வேண்டும், அதற்காகவே ஆசாரி அதைக் குடைந்து குடைந்து மெலிதாக்குகிறார். ஒலிபெருக்கிப் பெட்டி எதையும் பாடக்கூடாது. பெட்டியும் பாடினால் வீணைக்கு இரண்டு குடம் ஆகிவிடும். கனமான, நாதமில்லாத, தட்டினால் 'டொக்' என்று மட்டும் சொல்லும் அழுத்தப் பலகையே இதற்கு ஏற்றது.

5.1 வந்த பிறகு

தமிழ்நாட்டு வீடுகளுக்கு சரவுண்ட் வந்தது சினிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு. 1978-இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. பிறகு டிவிடி பரவி, ஒரே அட்டைப் பெட்டியில் ஆறு ஸ்பீக்கர்கள் விற்பனைக்கு வந்தன. அட்டையில் ஆயிரக்கணக்கில் 'வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணுக்கு ஒலியியலில் பொருள் கிடையாது. தொடர்ந்து எவ்வளவு திறன் தரும் என்பதைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண் மட்டுமே கணக்கில் கொள்ளத்தக்கது. அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

படத்தில் ஹெலிகாப்டர் பின்னாலிருந்து முன்னால் பறக்க இந்த அமைப்பு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. கர்நாடக இசைக்கு வரும்போதுதான் கோளாறு. உள்ளங்கை அளவுப் பெட்டியில் மூன்று அங்குலக் கூம்பால் தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. சில அமைப்புகளில் 150, 200 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக்கூட மூலையில் இருக்கும் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். விளைவு என்ன? ஆண் குரலின் அடிப்பகுதி சோபாவுக்குப் பின்னாலிருந்தும் மேற்பகுதி டிவிக்குப் பக்கத்திலிருந்தும் வருகிறது. மிருதங்கத்தின் வலந்தலை முன்னால், தொப்பி மூலையில். வாசிப்பவர் ஒருவரே என்று காது நம்ப மறுக்கிறது.

அதோடு, கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்திலோ இரட்டைத் தடத்திலோ ஆனவை. அவற்றில் இல்லாத மூன்று தடங்களைக் கருவி தானே கற்பித்துக்கொள்கிறது. இங்கே 'சேனல்' என்ற சொல்லுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு என்பது டெல்டாக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். தலைப்பில் தண்ணீர் இல்லாதபோது கிளை வாய்க்கால் எத்தனை வெட்டினால் என்ன?

நாதஸ்வரம் படும் பாடு

இதில் அதிகம் அடிபட்டது நாதஸ்வரம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கப்படும் இந்த வாத்தியம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) உயர்ந்த சுருதியில் ஒலித்த திமிரியை விட்டு, நீளமான, கட்டை குறைந்த பாரி நாதஸ்வரத்தைப் பரவச் செய்தார். ஒலியை இன்னும் கனமாக, இன்னும் குழைவாக ஆக்குவதே அந்த மாற்றத்தின் நோக்கம். அவருடைய தோடியைக் கேட்க மக்கள் விடியவிடியக் காத்திருந்த காலத்தில் அதைக் காது கூசும் ஒலி என்று யாரும் சொன்னதில்லை.

இன்று மாணவர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது அத்தகைய ஒலியைத்தான். திறந்த வெளியில் முப்பது நாற்பது அடி தள்ளி நின்று கேட்பதற்கென்று உருவான வாத்தியத்தின் அணசுக்கு அரையடியில் மைக்கை நீட்டுகிறோம். சீவாளியின் கரகரப்பு அப்படியே பிடிபடுகிறது. அதைக் கல்யாண மண்டபத்து மைக் செட்டின் கூம்பு ஒலிபெருக்கியில் விடுகிறோம். பேச்சு தொலைவுக்குப் புரியவேண்டும் என்பதற்காக நடுப்பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும் கருவி அது. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான் மனிதக் காதுக்கு மிகக் கூர்மையானது, வலியும் அங்கேதான். மைக்கே இல்லாமல் மண்டபத்தை நிறைக்கவல்ல வாத்தியத்துக்கு மைக் எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அந்தப் பதிவு வீட்டுக்கு வரும்போது சிறிய பெட்டிகள் இன்னொரு முறை அதே தவற்றைச் செய்கின்றன. நாதஸ்வரத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரமும் சப்வூஃபரின் எல்லைக்கு மேலேயே இருப்பதால், அதன் முழுப் பாரமும் மூன்று அங்குலக் கூம்பின் தலையில் விழுகிறது. ஒலியைக் கூட்டினால் கூம்பு திணறி, வாத்தியத்தில் இல்லாத கிறீச்சிடலைச் சேர்க்கிறது. டைல்ஸ் தரை அதை இரட்டிப்பாக்குகிறது. அதே பதிவை ஆறு அல்லது எட்டு அங்குலக் கூம்பு கொண்ட இரண்டு நல்ல பெட்டிகளில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்துக் கேட்டால் வாத்தியம் வேறாகத் தெரியும். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சமே அடங்கிய வாசிப்புகூட, இரைச்சலை மீறிக் கனமாக ஒலிக்கும். ஒரு ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கடைக்காரர் போடும் சண்டைக் காட்சியை விட்டுவிட்டு நாதஸ்வரத்தையும் தவிலையும் போடச் சொல்லலாம். தேறாத பெட்டி அரை நிமிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எது உண்மையான சரவுண்ட்

நாற்புறமும் சூழும் ஒலி இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி ஒலிக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஊர்வலம் இப்போது கீழவீதியில் இருக்கிறதா, தெற்குவீதிக்குத் திரும்பிவிட்டதா என்பது காதாலேயே தெரியும். ஒலி தெருவைச் சுற்றி வருகிறது. கேட்பவர் இருந்த இடத்தில் இருக்கிறார். மேடையை நோக்கிய முக்கோணத்தால் இதைக் காட்ட முடியாது. ஐந்து பெட்டிகளால், அதற்கென்றே பதிவு செய்தால், ஓரளவு காட்ட முடியும்.

இன்னும் பொருத்தமான இடம் திருவையாறு. ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சமாதியில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடப்படும்போது, பாடகர்கள் பார்வையாளரை நோக்கி அமர்வதில்லை. நடுவில் வழி விட்டு, இரு பக்கமும் வரிசை வரிசையாக எதிரெதிரே அமர்கிறார்கள். நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீராகத்தில் முடியும் வரை நூற்றுக்கணக்கான குரல்கள் ஒருவர் காதுக்கு முன்னும் பின்னும் பக்கத்திலுமாக ஒரே நேரத்தில் எழுகின்றன. சற்றுத் தள்ளி இருப்பவரின் குரல் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்து வந்து சேரும். அந்தச் சிறு பிசிறுதான் கூட்டாகப் பாடுவதன் அழகு. வானொலியில் இது அத்தனையும் ஒரே புள்ளியில் குவிந்து வருகிறது. முன்வரிசையில் மைக்குக்கு அருகில் இருக்கும் நாலைந்து குரல்கள் மட்டும் தனித்துக் கேட்கின்றன. ஆறு பெட்டிகளை வாங்கி ஹாலின் மூலைக்கு மூலை மாட்டியிருக்கும் வீட்டிலும், அந்தக் காலையில், ஒலி டிவி இருக்கும் பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது.