எபிக்தேத்தஸும் பிறர் துக்கமும்

எபிக்தேத்தஸ் என்னும் கிரேக்கப் பெயருக்குச் ‘சம்பாதிக்கப்பட்டவன்’ என்பது பொருள். அடிமைக்கு ஏற்ற பெயர்தான். கி.பி. 50ஆம் ஆண்டளவில் பிரிகியாவின் எராப்போலியில் பிறந்த இவர், நீரோ மன்னனின் அரண்மனை அலுவலரான எப்பாப்பிரோதீத்து என்பவரின் அடிமையாக ரோமாபுரியில் வாழ்ந்தார். (பிலிப்பியர் நிருபத்தில் வரும் எப்பாப்பிரோதீத்து வேறொருவர், அவரிடம் பின்னர் வருவோம்.) முசோனியஸ் ரூபஸிடம் ஸ்தோயிக்க ஞானம் கற்று, விடுதலையடைந்தபின் தாமே போதிக்கலானார். தொமித்தியன் தத்துவ ஞானிகளைத் துரத்தியபோது நிக்கொப்போலிக்குச் சென்று பள்ளி நிறுவினார். அவர் உரைகளைக் குறித்துவைத்தவர் மாணாக்கராகிய அர்ரியன். அவ்வுரைகளின் சாரமே ‘கைநூல்’.

நம் வசத்திலுள்ளவை எவை, இல்லாதவை எவை என்னும் பகுப்பே அவர் போதனையின் அடித்தளம். உடலும் உடைமையும் நற்பெயரும் நம்முடையவை அல்ல. நம் தீர்ப்பும் விருப்பமுமே நம்முடையவை. அடிமைத்தனத்தையும் முடமான காலையும் அறிந்த ஒருவர் இதைச் சொன்னார் என்பதால், ஓய்வாக அமர்ந்து பேசியவரின் பேச்சென்று இதைத் தள்ளிவிட இயலாது.

எனினும் கைநூலின் 16ஆம் பகுதி நம்மை நிறுத்துகிறது. பிள்ளையை இழந்து அழுகிறவனுக்குப் பரிவான சொற்களைச் சொல்லலாம், தேவையானால் அவனோடு சேர்ந்து பெருமூச்சும் விடலாம். உள்ளத்தில் மட்டும் துயரம் நுழையாதபடி காத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இதைக் கல்நெஞ்சம் என்பது நியாயமன்று. துக்கம் தவறான தீர்ப்பிலிருந்து பிறக்கிறதென்றால், அதில் உண்மையாய்ப் பங்குகொள்பவன் அத்தவற்றிலும் பங்குகொள்வான்; ஆகவே பரிவு வெளித்தோற்றமாய் நின்றாக வேண்டும். தன் துன்பத்தைத் தாங்க உதவும் கோட்பாடு, அயலான் துன்பத்தின் முன் முகமூடியாகிவிடுகிறது. துக்க வீட்டிற்குச் செல்லும் ஆயர் எவரும் இந்த முகமூடியை அறிவார்.

இடைக்காலத் துறவிகள் இக்கைநூலில் சாக்ரடீஸின் பெயரை நீக்கிப் பவுலின் பெயரை இட்டு வாசித்தனர். பெயரை மாற்றுவது எளிது. பிலிப்பியர் நிருபத்தில் தன் குறைவைப் பற்றிப் பேசுகையில் பவுல் மனரம்மியத்தைக் குறிக்கக் கையாளும் சொல் ஸ்தோயிக்கர் மிகவும் போற்றிய சொல்தான். அதே நிருபத்தில், வியாதியாயிருந்த எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்றும் தயங்காமல் எழுதுகிறார். இவ்விரண்டையும் ஒரே மனிதர் எழுத முடிந்தது. கைநூலில் இரண்டாவதற்கு இடமில்லை.

ஆனால் ஆறாம் நூற்றாண்டில் கைநூலுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் ஒரு செய்தி தருகிறார். நெடுங்காலம் தனித்து வாழ்ந்த எபிக்தேத்தஸ், வறுமையால் நண்பரொருவர் கைவிடவிருந்த குழந்தையைத் தாமே ஏற்று, அதைப் பேண ஒரு பெண்ணையும் வீட்டிற்கு அழைத்துக்கொண்டாராம். கைநூலை எத்தனை முறை வாசித்தாலும் இச்செயலுக்கான காரணம் அதில் அகப்படுவதில்லை.