சிறைக்குச் சென்ற குழந்தைகள்

1938-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் ஒரு வாக்கியத்தைத் தவறாது எழுதிவிடுகின்றனர். 73 பெண்கள் சிறை புகுந்தனர். அவர்களோடு 32 குழந்தைகளும் சென்றன என்பதே அது. எழுதிய கையோடு, "வீரத்தாய்மார்" என்றொரு பட்டத்தையும் சூட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றனர். நாம் குறைகூறுவது இந்தப் போக்கையே.

அவ்வாண்டு நவம்பர் 14-இல் சென்னையில் கைதான பெண்கள் ஐவர். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோருடன் சென்ற சீதம்மாள் தம் இரு குழந்தைகளையும் உடன்கொண்டே போனார். ஏன் கொண்டு போனார்? கொள்கை வேகத்தாலா, வீட்டில் விட்டுச்செல்ல ஆளில்லாமையாலா? இதை எந்தச் சரித்திரக்காரராவது கேட்டதாக நாம் கண்டோமில்லை. அதே கிளர்ச்சியில் சிறை சென்ற ஆண்மக்களின் குழந்தைகளை யார் பார்த்தனர் என்றும் எவரும் கேட்டிலர். விடைதான் அவ்வளவு தெளிவாயிற்றே!

இவ்விஷயத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1964-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சுயசரிதை மேலானது. தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் நிபந்தனையின்பேரிலேயே 1914-இல் மணத்துக்கு இசைந்ததாக அதில் அம்மையார் கூறுகின்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் உபதலைவராக அமர்ந்தபோது அவர் இரு மைந்தருக்குத் தாய். தேவதாசி ஒழிப்பு மசோதாவைப் போற்றுவோர் அந்நிபந்தனையைச் சுவையான துணுக்காகத் தள்ளிவிடுகின்றனர். நமக்கோ நூலின் உயிர் அங்கேதான் தெரிகிறது. ஆயினும் ஒன்று: அம்மையாரும் மருத்துவர், கணவரும் மருத்துவர். நிபந்தனை பேசும் நிலை அவருக்கு இருந்தது.

நம் கெடாத் தோட்டங்களிலோ, விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாய் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். துரைக்குப் பால் வேண்டியிருந்தது, கொட்டகை எழுந்தது. மாலையில் அவள் சங்கக் கூட்டத்துக்கு வரவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை; மாலைக்கு ஒரு கொட்டகையும் எழவில்லை.

இதை நாம் மெர்கோங்கில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, பின்வரிசையில் குழந்தையை மடியில் கிடத்தியிருந்த ஓர் அம்மையார், "அப்படியானால் கூட்டத்தை வெள்ளிக்கிழமை காலையில் வையுங்களேன், ஐயா" என்றார். செயலாளர் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டமும் இரவு எட்டு மணிக்கே நடந்தது. அந்த அம்மையாரை அங்கே நாம் காணவில்லை.