மெழுகும் பொன்னும்: எத்தியோப்பியச் சிற்றிசைத்தட்டுகளின் மறுவெளியீடு – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

மறக்கப்பட்ட இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும், சேர்த்தவற்றை மறுவெளியீடாகப் பிறருக்கு வழங்குவதும் இசையார்வலரின் பணியாகவே கருதப்பட்டு வருகின்றன. எனினும், பாடல் மொழியாலும் ஆனது. ஆதலின் இப்பணி மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதிப் பார்க்க வேண்டிய ஒன்றாகிறது. தட்டுகளைச் சேர்ப்போர் எவற்றைக் காக்கின்றனர், எவற்றைத் தவறவிடுகின்றனர் என்பதை அம்ஹாரிக் மொழிச் சிற்றிசைத்தட்டுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தட்டுகளும் தொகுப்பும்

ஏழு அங்குல விட்டமும் நிமிடத்திற்கு 45 சுழற்சியும் கொண்டு, பொதுவாகப் பக்கத்திற்கு ஒரு பாடலைத் தாங்கும் வினைல் தட்டு 1949இல் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. எத்தியோப்பியாவில் இசைத்தட்டு வெளியிடும் தனியுரிமையை 1948இல் அரச ஆணை ஒன்று ஹகெர் ஃபிக்ர் கழகத்திற்கு அளித்திருந்தது. 1969இல் அம்ஹா எஷெடெ என்னும் இளைஞர் இத்தடையை மீறித் தம் பெயரிலேயே ஒரு தட்டு நிறுவனம் தொடங்கினார். 1974இல் பேரரசு வீழ்ந்தது. 1975இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். பின்னர் ஒலிநாடா பரவவே, தட்டுகளின் காலம் முடிவுற்றது. பத்தாண்டுகளுக்குள் வெளிவந்த சிறு தட்டுகள் ஏறத்தாழ 500 மட்டுமே.

பிரான்சு நாட்டைச் சார்ந்த ஃபிரான்சிஸ் ஃபால்செட்டோவின் முயற்சியால் மஹ்மூத் அஹ்மதின் பாடல்கள் 1986இல் பெல்ஜியத்தில் வெளியாயின. 1997 முதல் ‘எத்தியோப்பிக்’ என்னும் தொடர் அவரைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு பாரிசிலிருந்து வெளிவரலாயிற்று. சிதறிக் கிடந்த தட்டுகளை உலகறியச் செய்த பெருமை இத்தொடருக்கு உண்டு. இதன் குறிப்புரைகள் பாடகர் வரலாற்றையும் இசைக்குழுக்களின் தோற்றத்தையும் விரிவாகத் தருகின்றன. ஆனால் பாடலின் சொற்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை.

2. எழுத்தும் ஒலியும்

அம்ஹாரிக்கில் மெய் இரட்டித்தல் பொருள் வேறுபடுத்தும் கூறாகும். ‘அலெ’ என்றால் ‘சொன்னான்’. ‘அல்லெ’ என்றால் ‘இருக்கிறான்’. ஆயினும் ஃபிதெல் எனப்படும் அம்மொழியின் எழுத்துமுறையில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்த தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை இது நினைவூட்டுகிறது. எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை எழுத்து காட்டாதபோது ஒலியே காட்ட வேண்டும். ஆகவே இச்சிறு தட்டுகள் இசைச் சான்று மட்டுமல்ல, மொழிச் சான்றும் ஆகும்.

தொகுப்பின் ஒலிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டவில்லை. பாடகர் த்லாஹூன் கெஸெஸெயின் பெயரை உரோமன் எழுத்தில் எழுதுகையில் ‘எஸ்’ இருமுறையும் இரட்டிக்கப்படுகிறது. பிரெஞ்சு வழக்கில் உயிர்களுக்கு இடைப்பட்ட ஒற்றை ‘எஸ்’ ‘இஸட்’ ஒலி பெறும். அதைத் தவிர்க்கவும் இரட்டை எழுத்து பயன்படும். இதனால் இரட்டை எழுத்தைக் காணும் வாசகர், அது அம்ஹாரிக்கின் இரட்டிப்பா, பிரெஞ்சு எழுத்து மரபா என்று அறிய வழியில்லை.

3. மெழுகும் பொன்னும்

இக்குறை ஒலிபெயர்ப்போடு நிற்பதன்று. கீயெஸ் மொழித் திருச்சபைக் கவிதையில் வளர்ந்து அம்ஹாரிக்கிலும் வேரூன்றிய செய்யுள் உத்தி ‘ஸெம்-இன்ன-வெர்க்’, அதாவது ‘மெழுகும் பொன்னும்’ எனப்படும். பொற்கொல்லர் மெழுகால் உருச்செய்து, அதன்மேல் மண்பூசி, மெழுகை உருக்கி நீக்கிப் பொன் வார்ப்பர். அதுபோல் வெளிப்படைப் பொருள் மெழுகு; உள்ளுறை பொருள் பொன். இவ்வுத்தி பெரும்பாலும் இரட்டிப்பு வேறுபாட்டையும் சொல்லெல்லை மயக்கத்தையும் பற்றி நிற்கிறது. தண்டியலங்காரம் கூறும் பிரிமொழிச் சிலேடையோடு இதனை ஒப்பிடலாம். தணிக்கை நிலவிய நாளில் காதற்பாடலில் அரசியற் பொருள் கேட்கவும் இம்மரபு இடந்தந்தது.

இத்தகைய பாடலை மொழிபெயர்ப்பின்றி வழங்கினால் மெழுகும் எட்டாது. ஒற்றைப் பொருளில் மொழிபெயர்த்தால் மெழுகு மட்டுமே எட்டும். முலாத்து அஸ்தாத்கேயின் இசையைக் கொண்ட நான்காம் தொகுதியே அயல்நாடுகளில் பெரும்புகழ் பெற்றது என்பது இங்குக் கருதத்தக்கது. அது சொற்களற்ற கருவியிசைத் தொகுதி.

4. பெயரீட்டில் மொழிபெயர்ப்பு

பத்தாம் தொகுதியின் தலைப்பு ‘திஸிதா’ என்பதை ‘எத்தியோப்பிய புளூஸ்’ என்று விளக்குகிறது. ‘திஸிதா’ என்பது நினைவையும் ஏக்கத்தையும் குறிக்கும் சொல். ஒரு பாடல்வகையின் பெயர். ஒரு பண்ணின் பெயருமாகும். ‘புளூஸ்’ என்னும் சொல் ஏக்கத்தை ஓரளவு உணர்த்துகிறது. நினைவையும் பண்ணையும் உணர்த்தவில்லை. மேலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை அது உடன்கொணர்கிறது. புதிய கேட்போரை ஈர்க்க இவ்விளக்கம் பயன்பட்டிருக்கலாம்; ஆனால் இதனை நிகரன் எனக் கொள்ள இயலாது.

5. முடிவுரை

தட்டைக் காத்தவரைக் குறைகூறுவது எளிது. அவர் காத்திராவிடில் ஆராய ஒலியே எஞ்சியிராது. ஆனால் காப்பு ஒலியோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பாடலுக்கும் ஃபிதெல் பாடம், இரட்டிப்பைக் காட்டும் ஒலியன் எழுத்துப்பெயர்ப்பு, வெளிப்படைப் பொருள், கேட்டோர் கூறும் உள்ளுறை பொருள் ஆகிய நான்கும் இணைக்கப்பட வேண்டும். உள்ளுறையில் கருத்து வேறுபாடு இருப்பின் அதுவும் பதியப்பட வேண்டும்.

இதற்குக் காலம் குறைவு. த்லாஹூன் 2009இல் மறைந்தார். அம்ஹா எஷெடெயும் பாடகர் அலெமாயெஹு எஷெடெயும் 2021இல் மறைந்தனர். அன்று இத்தட்டுகளை வாங்கிக் கேட்ட தலைமுறையும் முதுமையடைந்துவிட்டது. தட்டு சந்தையில் மீண்டும் கிடைக்கலாம். அதன் பொன் எதுவென்று சொல்லக்கூடியவர் மீண்டும் கிடைக்கமாட்டார்.