கேட் அட்கின்சனின் 'கேஸ் ஹிஸ்டரீஸ்': விடையும் ஆறுதலும்

'கேஸ் ஹிஸ்டரீஸ்' (வழக்கு வரலாறுகள்) ஆங்கில எழுத்தாளர் கேட் அட்கின்சன் எழுதி 2004இல் வெளிவந்த புதினம். தனியார் துப்பறிவாளர் ஜாக்சன் பிராடி இடம்பெறும் வரிசையில் இதுவே முதல் நூல். கதை பெரும்பாலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நிகழ்கிறது.

கதை அமைப்பு

ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பழைய வழக்குகளுடன் நூல் தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டுக் கோடையில், வீட்டுத் தோட்டத்துக் கூடாரத்தில் அக்காள் அமீலியாவுடன் உறங்கிய மூன்று வயது ஒலிவியா விடியும்போது காணாமற்போகிறாள். 1994இல் வழக்கறிஞர் தியோ வயரின் மகள் லாரா, தந்தையின் அலுவலகத்திலேயே அடையாளம் தெரியாத ஒருவனால் கொல்லப்படுகிறாள். 1979இல் மிஷெல் என்னும் இளம் தாயின் வீட்டில் அவள் கணவன் கோடரியால் வெட்டுண்டு இறக்கிறான். ஆண்டுகள் பல கழிந்தபின், இம்மூன்று குடும்பத்தாரும் தனித்தனியே ஜாக்சனிடம் வருகின்றனர்.

தந்தை இறந்தபின் அவருடைய பொருள்களுக்கிடையே ஒலிவியாவின் நீலநிற எலிப் பொம்மை அக்காள்மாருக்குக் கிடைக்கிறது. இந்தச் சிறு பொருளே மூடிக் கிடந்த முதல் வழக்கைத் திறக்கிறது.

தனிச்சிறப்பு

துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட்டதும் நாம் நிம்மதியுடன் நூலை மூடுகிறோம். அட்கின்சன் அந்த நிம்மதியைத் தருவதில்லை. இறந்தவர் எப்படி இறந்தார் என்பதைவிட, எஞ்சியவர் எப்படி வாழ்ந்தார் என்பதே அவர் ஆராயும் மர்மம். மகளுக்கு எங்கே என்ன நேருமோ என்று எந்நேரமும் அஞ்சியவர் தியோ. இழப்புக்குப் பின் பத்தாண்டுகள் வழக்குக் குறிப்புகளோடே வாழ்கிறார். மனத்தளவில் அவர் அந்த ஒரு நாளை விட்டு நகரவே இல்லை. நடுவயதை எட்டிய அமீலியாவும் ஜூலியாவும் ஓயாமல் சண்டையிட்டுக்கொள்கின்றனர். அந்தச் சண்டைக்கு அடியிலும் காணாமற்போன தங்கையே இருக்கிறாள்.

துப்பறிபவரும் இழந்தவரே. ஜாக்சன் சிறுவனாயிருந்தபோது அவருடைய அக்காள் கொல்லப்பட்டாள். அந்த வழக்கில் குற்றவாளி அகப்படவே இல்லை. பிறருக்கு விடை தேடித் தருபவருக்குத் தம் கேள்விக்கு விடை இல்லை. எட்டு வயது மகள் மார்லியைக் குறித்து அவர் கொள்ளும் அச்சத்தின் வேர் இதுவே.

நூலில் ஆறுதல் வரும் வழியும் கவனிக்கத்தக்கது. தெருவில் வாழும் இளம்பெண் ஒருத்திக்குத் தியோ அடைக்கலம் தருகிறார். வழக்குக் குறிப்புகள் தராத உயிர்ப்பை அந்தப் பரிவு அவருக்குத் தருகிறது. விடை என்பது வேறு, ஆறுதல் என்பது வேறு. இதுவே நூலின் மையக் கருத்து எனலாம்.

குறைகள்

தற்செயல் நிகழ்வுகள் மிகுதி. ஜாக்சனுக்குத் திடீரென வந்துசேரும் பெருஞ்செல்வம் கதையை முடிப்பதற்கான எளிய வழியாகவே தோன்றுகிறது. ஆண்டுகள் முன்பின்னாக மாறுவதால் தொடக்கத்தில் பெயர்கள் குழம்பக்கூடும். முதல் மூன்று அத்தியாயங்களைப் பொறுமையாகப் படிப்பவருக்கு இக்குழப்பம் நீங்கிவிடும்.

மதிப்பீடு

இறுதியில் சில உண்மைகள் வாசகருக்கு மட்டுமே முழுமையாகத் தெரிகின்றன. அவற்றை அறிய வேண்டிய பாத்திரங்கள் அறியாமலே தம் வழியில் செல்கின்றனர். அவர்களுக்காக நாம் அந்த உண்மைகளைச் சுமந்துகொண்டு நூலை மூடுகிறோம். 'குற்றவாளி யார்?' என்ற ஆவலோடு தொடங்குபவரை எஞ்சியவர்மீது இரக்கம் கொள்ளவைத்து முடிப்பதே இந்நூலின் வெற்றி.