கறுப்பை எங்கே வைப்பது

'பெர்சபோலிஸ்' சித்திர நூலின் முதல் கட்டத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முக்காடிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டு 1980. அடுத்த கட்டம் வகுப்புப் புகைப்படம். தோழிகள் தெரிகிறார்கள். இடது ஓரத்தில் இருக்கும் அவளைக் கட்டத்தின் கோடு வெட்டிவிடுகிறது. யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அரசின் சட்டம் செய்ததைப் படத்தின் சட்டம் செய்துகாட்டுகிறது, அவ்வளவுதான்.

மர்ஜானே சத்ரபி பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட இந்த நூலை, அவரும் வின்சென்ட் பரோனோவும் 2007இல் கையால் வரைந்த அனிமேஷன் படமாக்கினார்கள். கான் விழாவில் நடுவர் குழுப் பரிசும் கிடைத்தது. கதை மாறாமல் வந்திருக்கிறதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, காமிக்ஸ் பக்கத்திலிருந்து திரை எதைக் கற்றுக்கொண்டது என்பது.

முதலில் கறுப்பு. சத்ரபி நிழலுக்கென்று கோடுகள் இழைப்பதில்லை. சாம்பல் நிறமும் நூலில் இல்லை. கூட்டமாக நிற்கும் பெண்களின் உடல்கள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்ள, முகங்கள் மட்டும் வெள்ளையாக மிதக்கும். புருவத்தின் வளைவிலும் வாயின் கோணலிலும்தான் ஒருத்தி இன்னொருத்தியிடமிருந்து வேறுபடுகிறாள். கண் தானாகவே முகத்துக்குப் போகிறது. உடலை மேயும் வேலை அதற்கு இல்லை. படம் பின்னணியில் சாம்பலைச் சேர்த்தாலும் இந்த ஒழுங்கைக் காப்பாற்றிக்கொள்கிறது. சிறுமியைத் தெருவில் மறிக்கும் காவல் பெண்களின் கறுப்பு உருவங்கள் திரையில் பாம்புபோல் நெளிந்து அவள்மீது கவிகின்றன. அசைவு தந்த லாபம் இது என்று சொல்லலாம். எனக்கு ஒரு குறையும் உண்டு. நூலில் அவர்கள் கடுகடுத்த முகமுள்ள மனுஷிகள். பெண்ணைக் கண்காணிக்கும் பெண்ணைப் பாம்பாக்கிவிட்டால், அவள் எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்று கேட்கத் தோன்றாது.

திரையால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று பக்கத்தில் இருக்கிறது. நூலில் ஒரு பக்கத்தின் மேல்பாதி: கழுத்தில் சாவி தொங்கும் பையன்கள் கண்ணிவெடியில் சிதறுகிறார்கள், வெறும் கறுப்பு உருவங்களாக. சொர்க்கத்துக்கான சாவி என்று சொல்லி ஏழைப் பையன்களுக்குக் கொடுக்கப்பட்ட பிளாஸ்டிக் சாவி அது. கீழ்பாதி: மர்ஜி தன் முதல் பார்ட்டியில் ஆடுகிறாள். தூக்கிய கை, மடங்கிய கால், இரண்டிலும் அதே வளைவுகள். கண் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும். எதையும் கடந்துபோக முடியாது. திரையில் ஒரு ஷாட் போன பிறகுதான் அடுத்தது வரும். ஸ்டோரிபோர்டு வரையும் மாணவிகள் இந்தப் பக்கத்தை ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். முந்தைய ஷாட்டில் உடல் இருந்த அதே இடத்தில், அதே வளைவோடு அடுத்த உடலை வைத்தால், போன படம் கண்ணுக்குள் கொஞ்சநேரம் தங்கும். அதற்குமேல் திரை செய்வதற்கில்லை.

நூலில் ஓவியக் கல்லூரி வகுப்பு ஒன்று வருகிறது. உடற்கூறு வரையச் சொல்லி, தலைமுதல் கால்வரை சாதர் போர்த்திய பெண்ணை மாடலாக உட்காரவைக்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் துணிதான். சிரிப்பு வரும். கேமரா பெண்ணுடலைத் துண்டு துண்டாகக் காட்டிய படங்களைப் பார்த்துப் பழகிய எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. எங்கிருந்து பார்ப்பது என்பதை அந்த வகுப்பில் இருந்த எந்தப் பெண்ணும் முடிவுசெய்யவில்லை.

இதனாலேயே, படத்தின் தொடக்கம் எனக்குச் சற்று ஏமாற்றம். வளர்ந்த மர்ஜான் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில், வண்ணத்தில், முழுதாகத் தெரிகிறாள். அழகான காட்சிதான். ஆனால் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட அந்தச் சிறுமியிடமிருந்து நூல் தொடங்கியது.

கடைசியாக ஒரு பக்கம். குண்டு விழுந்த அண்டைவீட்டின் இடிபாட்டில் தோழியின் கைவளையைப் பார்த்துவிடுகிறாள். ஒரு கட்டத்தில் வாயைப் பொத்துகிறாள். அடுத்ததில் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறாள். அதற்கடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. முகமில்லை, கண்ணீரில்லை. அந்தக் கட்டத்தில் எத்தனை நேரம் நிற்பது என்பதை நான்தான் முடிவுசெய்தேன்.