ரத்தினவேலுவின் முகத்தில் ஒட்டிய எழுத்து

மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ படத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலு யார்? பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிறவன். தன் கட்சியின் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வான மாமன்னனை எதிரில் நாற்காலியில் உட்காரவிடாதவன். படம் 2023 ஜூனில் தியேட்டருக்கு வந்தது. ஜூலைக் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் ஏறியதும், இவன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, மேலே சாதிப்பெருமை வாசகம் எழுதி, சாதிப்பாட்டைச் சேர்த்து ஆளாளுக்குச் சுற்றில் விட்டார்கள்.

ஃபகத் ரொம்ப நல்லா நடிச்சிட்டாரு, அதான் காரணம் என்று சிலர் கடந்துபோனார்கள். அப்படி விட்டுவிட முடியாது.

மீமில் உள்ள எழுத்து தனியாக எதையும் சொல்வதில்லை. படம் பார்ப்பவரின் பழைய ஞாபகத்தை அது தட்டி எழுப்புகிறது. 2019 மே மாதம் ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு என்று கேட்டார்கள். நம்மாள் ஒருத்தர், காண்ட்ராக்டர் நேசமணி தலையை உடைச்சது இதுதான் என்று எழுதினார். அவ்வளவுதான், ஊரே நேசமணிக்காகப் பிரார்த்தனை பண்ணியது. அந்தப் படத்தில் வடிவேலுவே கிடையாது. 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ நம் மண்டைக்குள் இருந்தது. தமிழ் வாத்தியார்கள் உள்ளுறை என்று நடத்துவது ஏறக்குறைய இதைத்தான். பாதியைச் சொல்லி மீதியைக் கேட்கிறவரிடம் விட்டுவிடுவது.

ரத்தினவேலு மீமில் எழுப்பப்பட்டது எந்த ஞாபகம்? ‘மாமன்னன்’ பற்றிய ஞாபகம் அல்ல. கோயில் கிணற்றில் குளித்த பிள்ளைகளைக் கல்லெறிந்து கொன்ற காட்சி ஞாபகத்தில் இருந்தால் அந்த வாசகம் ஒட்டாது. ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘தேவர் மகன்’ (1992), ‘நாட்டாமை’ (1994) என்று வெள்ளைவேட்டி, மீசை, முறைப்பு எல்லாவற்றையும் ஊர்ப்பெரியவரின் மாண்பாகவே நமக்குக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். மீம்காரர் ரெண்டு வரி எழுதியதும் ரத்தினவேலுவின் முகம் போய் அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டது. இயக்குநர் இரண்டரை மணி நேரம் சொன்னதை, முப்பது வருசமாகச் சேர்த்துவைத்த ஞாபகம் முப்பது விநாடியில் தின்றுவிட்டது.

இதே சினிமா வடிவேலுவின் உடம்புக்கு வேறு ஞாபகத்தைத் தந்திருக்கிறது: அடிவாங்குவது. அவர் படத்தின் மேல் எதை எழுதினாலும் சிரிப்பு வருகிறது. அந்த உடம்பை மாமன்னனாக நிறுத்தி, பெற்ற மகனே “உட்காருப்பா” என்று சொல்லியும் உட்காரத் தயங்கவைத்தார் மாரி. அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. தனியே வெட்டியெடுத்தால் அதன்மேலும் ஏதாவது ஜோக் எழுதிவிடுவார்கள்தான்.

எதிர்மீம் போடுகிற நம் தம்பிகள் வாசகத்தோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள். வெட்டிய முகத்துக்குப் பக்கத்தில் அந்த நாயையும் ஒட்டிப் போடுங்கள். மேலே என்ன எழுதுகிறார்கள் பார்க்கலாம்.