நீலியும் அம்மாசியும்: உறவுச்சொல் செய்கிற கிசும்பு

திருவாலங்காட்டுக்கு வருகிற தோழர்கள் ரத்தினசபையைப் பார்த்துவிட்டு, காரைக்காலம்மையார் பேரைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பழையனூரில் ஒரு பெரிய கிசும்புக்காரி இருக்கிறாள். நீலி.

புருஷனால் கொலையுண்டவள். பேயாகி வந்தவள், கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபை நடுவே அந்த வணிகனைக் காட்டி ‘என் புருஷன்’ என்றாள். ஆயுதம் அந்த ஒரு சொல்தான். 70 வேளாளர்கள் அவன் உயிருக்குப் பிணை நின்று அவளோடு அனுப்பினார்கள். அவன் செத்தான், இவர்கள் தீப்பாய்ந்தார்கள். சொல் தவறாத வேளாளர் கதையாக இதைப் பாடினார்கள். செத்துப்போன பொம்பளைக்கு மிஞ்சியது ‘நீலிக் கண்ணீர்’ என்கிற வசவு. (சமணர்கள் மட்டும் அவளை ‘நீலகேசி’யில் வாதம் செய்கிறவளாக்கினார்கள். அது வேறு சங்கதி.)

பாமாவின் ‘கிசும்புக்காரன்’ (1996) தொகுப்பை இந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறபோது நீலி ஞாபகம் வராமல் இருக்காது. ‘அண்ணாச்சி’ கதையில் அம்மாசி என்கிற தலித் இளைஞன் செய்கிற குற்றம் என்ன? நிலக்கார சாதி ஆளை ‘அண்ணாச்சி’ன்னு கூப்பிட்டுட்டான். பிராது நாட்டாமை வரைக்கும் போகிறது.

இதில் கிசும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்மாவட்டத்தில் ‘அண்ணாச்சி’ மரியாதைச் சொல். அதைக் கேட்டுக் கோபப்படுகிறவன், ‘உனக்கும் எனக்கும் உறவுமுறை கிடையாது’ என்று தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். அதுவரைக்கும் யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருந்த சாதிச் சட்டம் சபையில் அம்மணமாக நிற்கிறது. மாட்டிவிட்டவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது.

வட்டார வழக்கு இங்கே ஊறுகாய் இல்லை, அதுதான் சோறு. நம் நகைச்சுவைக் கதைகளில் வெகுகாலம் கதைசொல்லி ‘நல்ல’ தமிழில் பேசுவார், வேலைக்காரன் மட்டும் கொச்சையில் உளறுவான். சிரிப்பு அவன் நாக்கைப் பார்த்து. ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) தொட்டு பாமா அந்த ஏற்பாட்டையே கலைத்துவிட்டார். கதை சொல்கிறவளும் அதே சேரி மொழியில் பேசும்போது, எவனைப் பார்த்துச் சிரிப்பது? சிரிப்பு திரும்பி நிலக்காரன் வீட்டுப் பக்கம் போகிறது. அச்சில் வந்தபோது ‘இது இலக்கியமா, வெறும் பேச்சா’ என்று முகம் சுளித்தவர்களுக்கு உறுத்தியது இதுதான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் பாத்திரம் செய்த கிசும்பை ஆசிரியர் கூடவே வந்து விளக்குகிறார். அங்கே சிரிப்பு நமுத்துப்போகிறது. நீலி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

ஒரு சொல் ஊர் மாறினால் கிசும்பும் மாறிவிடும். தெலுங்கு கலந்து பேசுகிற எங்கள் பக்கத்து மாணவன் ஒருவனிடம் இந்தக் கதையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர்தானே சார், அதுக்கு இன்னாத்துக்குப் பஞ்சாயத்து?” என்றான். சரி, நம்ம ஊர்ல அம்மாசி எந்தச் சொல்லைச் சொல்லியிருப்பான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“மாமான்னு கூப்ட்டுப் பாக்கட்டும் சார். பஞ்சாயத்து வரைக்கும் போவாது, அங்கியே வெட்டிடுவாங்கோ.”

சொல்லிவிட்டுச் சிரித்தான்.